எண்ணெய் பட்ட இரண்டு சுருள்கள்

ஏப்ரல் 24, 1967. திங்கள்.

காலையிலேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது. குழாயில் இன்றும் தண்ணீர் இல்லை. அம்மா குடத்தோடு பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கு.

புரொஜெக்டர் ஒருவழியாகக் கிடைத்தது. பள்ளிக்கூட சயன்ஸ் வாத்தியார் லீவு முடிகிறவரை வைத்துக்கொள்ளச் சொன்னார். கூடவே நான் ஏன் இன்னும் கல்யாணம் செய்யவில்லை என்று நீண்ட விசாரணை. புரொஜெக்டருக்காகப் பொறுத்துக்கொண்டேன்.

வீட்டில் பகலில் இருட்டாக இருக்கும் அறை ஒன்று கூட இல்லை. சமையல்கட்டு இருக்கிறது, அம்மா விட மாட்டாள். கடைசியில் அத்தாவின் தோல் ஷாப்பில், தோல் பதனிடும் ஆவாரம்பட்டை மூட்டை அடுக்கும் அறை. ஜன்னல் கிடையாது, ஒரு சுவர் முழுக்க வெள்ளை. நாற்றத்தைப் பற்றி எழுதி என்ன ஆகப்போகிறது. அத்தாவுக்கு மகனாய்ப் பிறந்ததிலிருந்து மூக்குக்குத் தெரிந்ததுதான்.

தங்கச்சி நிக்காஹ் முடிந்தும் லீவு மிச்சம் இருக்கிறது. ஆனால் லீவே ஒரு நிபந்தனையின் பேரில் வந்தது. ஜெர்மனியில் என் புரொபசர் (இனி பு.) பெட்டி நிறைய ஃபிலிம் சுருள்களின் நகல்களைக் கையில் கொடுத்து, ஊரில் சும்மா இருக்காதே, அளந்து அனுப்பு என்றார். மே பதினைந்துக்குள் அளவுகளைத் தபாலில் போட்டால் கட்டுரையில் என் பெயர் வரும். இல்லையென்றால் பெயர் இல்லாமல் போகும். வேறொரு நாட்டில் வேறொரு கூட்டம் இதே வேலையைச் செய்கிறது. அவர்களுக்குத் தோல் ஷாப்பு தேவைப்படாது.

நாளைக்கு:
சுவரில் அளவுக் கோடுகள்.
ஸ்டூல் ஆடுகிறது, காலுக்கு ஆப்பு.
தங்கச்சி வீட்டு விருந்து, ஏதாவது சொல்லித் தட்டிக்கழிக்க வேண்டும்.

ஏப்ரல் 25, செவ்வாய்.

விருந்தைத் தட்டிக்கழித்தேன். விருந்து என்னைத் தேடி வந்துவிட்டது. தங்கச்சி மாப்பிள்ளை காதர், துணிக்கடைக்காரர், நான் ஷாப்பில் படம் ஓட்டுகிறேன் என்று யாரோ சொல்லிக் கேள்விப்பட்டுத் தங்கச்சியோடும் அம்மாவோடும் டிபன் கேரியரோடும் பட்டை அறைக்குள் நுழைந்தார். மூட்டைகள் மேல் வரிசையாக உட்கார்ந்தார்கள். புரொஜெக்டர் விளக்கைப் போட்டேன். சுவரில் கறுப்புப் பின்னணியில் வெள்ளைப் புள்ளிகள், ஒரு சாய்ந்த வரிசை.

"அப்புறம், மச்சான்?" என்றார் காதர்.

அப்புறம் அடுத்த படம். அதிலும் புள்ளிகள். காதருக்குக் கொட்டாவி.

சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. எலக்ட்ரான்களை அசுர வேகத்தில் ஓட்டி, திரவ ஹைட்ரஜன் நிரப்பிய குப்பியின் மேல் விடுவோம். அங்கே இருக்கும் புரோட்டான் மேல் எலக்ட்ரான் மோதி ஒரு பக்கம் திரும்பிப் போகும். சில சமயம் அந்த மோதலிலேயே, முன்பு அங்கே இல்லாத ஒரு துகள் புதிதாகப் பிறக்கும். பையான் என்று பெயர். அது ஒரு பெட்டிக்குள் புகுந்து ஓடும்போது வழியெல்லாம் பொறி தெறிக்கும், கேமரா படம் பிடிக்கும். எலக்ட்ரான் எவ்வளவு திரும்பினால் எவ்வளவு பையான் பிறக்கிறது, எந்தச் சாய்வில் போகிறது என்று அளப்பதுதான் என் வேலை.

காதர் கேட்டது: இதுக்குச் சீமைக்குப் போகணுமா.

அம்மா மட்டும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பொறக்குது சரி. பொறந்து என்ன ஆகுது?"

கண்ணை மூடித் திறப்பதற்குள் செத்துவிடும் என்றேன். அடப் பாவமே என்றாள். இதுவரை என் ஆராய்ச்சி பற்றி யாரும் சொன்னதில் இதுதான் உருப்படியானது.

அவர்கள் போனபோது பகல் போயிருந்தது. சாயங்காலம் ஆனால் வோல்டேஜ் இறங்கிப் படம் மங்கிவிடும். ஒரு படம்கூட அளக்கவில்லை.

ஏப்ரல் 26, புதன்.

நல்ல நாள். எழுதி வைக்கிறேன், இப்படி ஒன்று இருந்தது என்பதற்காக. காலையிலிருந்து மூன்று மணி வரை கரண்ட் நின்றது ஒரே ஒரு தடவை.

நாளையிலிருந்து ஏழும் எட்டும். இந்த இரண்டு சுருள்தான் முக்கியம். எலக்ட்ரான் கொஞ்சமாகத் திரும்பியது ஏழு. நன்றாகத் திரும்பியது எட்டு. பு. கணிப்புப்படி எட்டில் பையான் குறைய வேண்டும். குறைகிறதா இல்லையா, கட்டுரையில் என் பங்கே இதுதான். வேடிக்கை என்னவென்றால் இந்த இரண்டை எடுத்த அன்றுதான் படத்தின் மூலையில் நம்பர் காட்டும் விளக்கு கெட்டுப்போனது. அதனால் சுருளின் வாலில் மெழுகுப் பென்சிலால் நானே 7, 8 என்று எழுதினேன். திரும்பிய எலக்ட்ரானைப் பிடிப்பது வேறு கருவி, அது படத்தில் வராது. படத்தை மட்டும் பார்த்தால் எது எந்தக் கோணம் என்று யாராலும் சொல்ல முடியாது.

அத்தா எட்டிப் பார்த்தார். ஃபிலிம் நுனியை இரு விரலால் பிடித்து மடக்கிப் பார்த்தார், ஆட்டுத்தோல் பார்க்கிற மாதிரியே. ரொம்பக் காய்ஞ்சிருக்கே என்றார். அப்படித்தான் இருக்கும் என்றேன். தலையாட்டிக்கொண்டு போனார்.

ஏப்ரல் 27, வியாழன்.

ஏழாம் சுருளை மாட்டினேன். பல்பு பட்டென்று வெடித்தது. திண்டுக்கல்லில் இந்தப் பல்பு கிடையாது. நாளை மதுரை.

கோபத்தில் சுருள்களை டப்பாவில் கூட வைக்காமல் ஸ்டூல் மேல் விட்டுவிட்டு வந்துவிட்டேன். அறையைப் பூட்டவில்லை. யார் வரப் போகிறார்கள்.

ஏப்ரல் 28, வெள்ளி.

எதிலிருந்து எழுதுவது.

மதுரையில் கடை கடையாக ஏறி இறங்கி, கடைசியில் ஒரு போட்டோ ஸ்டுடியோக்காரரிடம் கெஞ்சி பல்பு வாங்கினேன். திரும்பும் பஸ்ஸில் சேலை மூட்டையோடு ஒருவர் என் தோளிலேயே சாய்ந்து தூங்கி, சின்னாளப்பட்டியில்தான் எழுந்தார். பல்பை மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு வந்தேன். நேராக ஷாப்பு.

அத்தா வாசலிலேயே நின்றார். முகமெல்லாம் சிரிப்பு. உன் படத்துக்கு ஒரு வேலை பண்ணியிருக்கேன், போய்ப் பார் என்றார்.

உலர்த்தும் கொட்டகையில், பதப்படுத்தி எண்ணெய் பூசிய ஆட்டுத்தோல்கள் நிழலில் மூங்கிலில் தொங்கும். அந்த வரிசையில், தோலுக்குப் பக்கத்தில் தோலாக, என் இரண்டு ஃபிலிமும் மடிப்பு மடிப்பாகத் தொங்கின. நுனியில் எண்ணெய் சொட்டியது.

"அம்புட்டும் காஞ்சு சுருண்டு கெடந்துச்சு தம்பி. இன்னும் ரெண்டு நாளு விட்டா ஒடிஞ்சிரும். நானே உக்காந்து புங்க எண்ணெய்யை ரெண்டு பக்கமும் தேச்சு விட்டேன். ஆளுக கையில குடுக்கல. இப்பப் புடிச்சுப் பாரு, எப்புடி வளையுதுன்னு."

வீட்டுக்கு வந்து குப்புறப் படுத்துவிட்டேன். அம்மா வந்து காய்ச்சலா என்று தொட்டுப் பார்த்தாள்.

உலகத்தில் எத்தனையோ அப்பாக்கள் இருக்கிறார்கள். எலக்ட்ரான் புரோட்டான் பரிசோதனையின் ஃபிலிமுக்கு எண்ணெய் தேய்த்துக் கொடியில் போட்டவர் இவர் ஒருவர்தான் இருப்பார்.

ஏப்ரல் 29, சனி.

பஞ்சால் துடைத்துத் துடைத்து விரல் மரத்துவிட்டது. புதுப் பல்பு. மாட்டிப் பார்த்தேன்.

படம் கெடவில்லை. அல்லாஹ் பெரியவன். பொறிகள் தெளிவாகத்தான் இருக்கின்றன. கப்பலில் வந்ததில் விழுந்த கீறல்கள் முன்பு குறுக்கே கோடு கோடாகத் தெரியும், இப்போது அவ்வளவாகத் தெரியவில்லை. உண்மை என்பதால் எழுதுகிறேன். இதை அத்தாவிடம் சொல்லப் போவதில்லை.

ஆனால் வால். மெழுகுப் பென்சில் எழுத்து எண்ணெயில் கரைந்து சுத்தமாகப் போய்விட்டது. இரண்டு வாலும் வெறுமை. டப்பாவின் மேல் 7, 8 என்று இருக்கிறது, டப்பா காலி. எதை எதிலிருந்து எடுத்தீர்கள் என்று அத்தாவிடம் கேட்டேன். டப்பாவிலிருந்து எடுக்கவில்லையாம், ஸ்டூல் மேலிருந்து எடுத்தாராம். ரெண்டும் ஒரே மாதிரிதானே இருந்தது என்றார்.

அதுவும் சரிதான். ஒரே மாதிரிதான் இருக்கும்.

ஆக, வாசல் பக்கம் தொங்கியதற்கு 'வா' என்று பெயர். சுவர்ப் பக்கம் தொங்கியதற்கு 'சு'. ஏழு எது, எட்டு எது, தெரியாது.

மே 1, திங்கள்.

இரண்டையும் அளந்து முடித்தேன். 'வா'வில் பையான் ஏராளம். 'சு'வில் கொஞ்சம்தான்.

உடனே வரைபடம் போட்டேன். 'வா' ஏழு, 'சு' எட்டு. கோணம் கூடக் கூடக் கோடு அழகாக இறங்குகிறது. பு. கணித்த வளைவின் மேலேயே உட்காருகிறது. சந்தோஷத்தில் அம்மா வைத்த சிறுமலை வாழைப்பழத்தை இரண்டு மூன்று என்று தின்றேன். ஷாப்பிலிருந்து வந்த அத்தாவிடம் எல்லாம் சரியாகிவிட்டது என்றுகூடச் சொன்னேன்.

அப்புறம் குளிக்கும்போதுதான் உறைத்தது. எட்டில் குறைகிறதா என்பது கேள்வி. குறைந்திருப்பதை எட்டு என்று நானே பெயர் வைத்துவிட்டு, ஆமாம் எட்டில் குறைகிறது என்று பதில் எழுதுகிறேன். சோப்போடு அப்படியே நின்றேன். மடையன். படித்த மடையன்.

தண்ணீரும் தீர்ந்துபோனது. சோப்பைத் துண்டால் துடைத்துக்கொண்டு வந்தேன்.

மே 2, செவ்வாய்.

வீடே அறிவுரை மன்றம்.

காதர்: தலையா பூவா போட்டுப் பாருங்க மச்சான். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. துணிக்கடையில் விலைச்சீட்டு விழுந்த பீஸுக்கு அப்படித்தான் செய்வார்களாம்.

அம்மா: ரெண்டையும் விட்டுரு.

விட்டால் கட்டுரையில் எனக்கு என்ன இருக்கிறது. மற்ற சுருள்கள் வெறும் சரிபார்ப்பு.

அத்தா: கூட இருக்கிறதை ஏழுன்னு போடு, உங்க புரொபசரே அப்படித்தானே சொல்றாரு, பெரிய மனுசன் சொல்றது தப்பாவா இருக்கும். அளப்பதே அதைப் பார்க்கத்தான் என்று விளக்க முயன்றேன். என் குரல் உயர்ந்தது. உயர்ந்திருக்கக் கூடாது.

ஒரே வழி இருக்கிறது. என்னிடம் இருப்பது நகல், அசல் பு.விடம். இரண்டு சுருளின் முதல் சில படங்களையும் அப்படியே வரைந்து அனுப்பினால் அசலோடு ஒத்துப்பார்த்துச் சொல்லலாம். ஆனால் விமானத் தபால் போய், அவர் தேடி, பதில் வருவதற்குள் பதினைந்தாம் தேதி தாண்டிவிடும். கட்டுரை போய்விடும். அதோடு, எழுத்து எப்படி அழிந்தது என்றும் எழுத வேண்டும்.

இதை அத்தாவிடம் சொன்னேன்.

"அத்தா எண்ணெய் தேச்சுக் கெடுத்துட்டாருன்னு எழுதப் போறியா?"

நடந்ததைத்தானே எழுத வேண்டும் என்றேன்.

"என் கையில இன்னிக்கு வரைக்கும் ஒரு தோலு கெட்டதில்ல. அந்த ஊர்ல ஒருத்தன் படிச்சுச் சிரிக்கணுமா?"

எழுந்து போய்விட்டார். எனக்கு அவர் மேல் கோபம், என் மேல் கோபம், அறையைப் பூட்டாத கையின் மேல் கோபம்.

மே 3, புதன்.

கடிதம். கிழித்தவை:

'எதிர்பாராத விபத்தில்...' என்ன விபத்து என்று கேட்பார்.

'இங்குள்ள ஈரப்பதத்தால்...' திண்டுக்கல்லில், மே மாதத்தில். எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வந்தது.

'ஷாப்பில் வேலை பார்க்கும் ஒருவர்...' இதைத்தான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். யாருக்கும் நோகாது. அத்தாவும் சும்மா இருப்பார். ஆனால் எண்ணெய் சட்டியைத் தொடாத யாரோ ஒரு ஆளின் தலையில் போடுவது. கிழித்தேன்.

பேசாமல் ஏழு, எட்டு என்று எழுதி அனுப்பினால் ஒருவருக்கும் தெரியாது. பு.வுக்குத் தெரியாது, எதிர்க்கூட்டத்துக்குத் தெரியாது. எனக்கே தெரியாது, அதுதான் சங்கடம். பாதி வாய்ப்பு சரியாகவே இருக்கும். அப்போது நான் பொய் சொன்னதாகவும் ஆகாது. இப்படியெல்லாம் புத்தி போகிறது. பெயர் அச்சில் வர வேண்டும் என்ற ஆசைதான், வேறொன்றும் இல்லை.

கடைசியில் உள்ளபடி எழுதினேன். என் தகப்பனார் தோல் வியாபாரி. ஃபிலிம் காய்ந்துபோவதைப் பார்த்து, தோலைக் காப்பாற்றுவது போல் அதையும் காப்பாற்ற எண்ணெய் பூசினார். அறையைப் பூட்டாதது என் தவறு. கீறல்கள் மறைந்ததையும் ஒரு வரி சேர்த்தேன். படங்களை வரைந்து முடிக்கச் சாயங்காலம் ஆனது.

மே 4, வியாழன்.

கத்திரி ஆரம்பம். தெருவில் நாய் கூட இல்லை. கடிதம் தபாலில்.

மே 5, வெள்ளி.

ஜும்மா முடிந்து வந்தால் அத்தாவும் நானும் ஒரே சகனில், பெரிய தாம்பாளத்தில், சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவோம். சின்ன வயதிலிருந்து வழக்கம். நல்ல கறித்துண்டாகப் பார்த்து என் பக்கம் தள்ளுவார்.

இன்று அத்தா தனித் தட்டு கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் சோற்றைப் பார்த்தேன்.

மே 10, புதன்.

அத்தா எல்லாவற்றையும் அம்மா மூலமே சொல்கிறார். நான் பக்கத்திலேயே இருக்கிறேன். "அவன்ட்ட சொல்லு, பட்டை லோடு வருது, ரூமைக் காலி பண்ணணும்னு." காலி செய்தேன். லோடு இறங்கியது. திரும்பப் புரொஜெக்டரை வைத்து, அளவுக் கோடுகளை முதலிலிருந்து போட்டேன். ஸ்டூல் ஆப்பைக் காணோம்.

அம்மா என்னிடம் தனியாக: நீ ஒரு வார்த்தை எறங்கிப் பேசேன். என்ன பேச. தவறு செய்துவிட்டோம் என்று அவருக்கே தெரியும். அதுதான் அவருக்கு நோகிறது என்று நினைக்கிறேன். அன்பில் செய்ததைத் தவறு என்று வெளியூருக்கு எழுதிப்போட்டவன் மகன்.

மே 15, திங்கள்.

மற்ற சுருள்களின் அளவுகள் ரிஜிஸ்டர் தபாலில். ஏழும் எட்டும் இல்லை. பு. இந்நேரம் கட்டுரையை முடித்திருப்பார்.

பட்டை அறையில் உட்கார்ந்து அழுதேன். எழுதி வைக்கிறேன், இதை யார் பார்க்கப் போகிறார்கள். இரண்டு வருடம் அந்தக் குளிரில் ராத்திரி ஷிப்ட் பார்த்து எடுத்த படங்கள். ஒரு சட்டி எண்ணெய்.

வெளியே வந்தால் அத்தா கணக்குப்பிள்ளையோடு பேசிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்தார். பேச்சை நிறுத்தினார். அப்புறம் விட்ட இடத்திலிருந்து பேசினார்.

மே 19, வெள்ளி.

இன்றும் தனித் தட்டு. கறித்துண்டு இரண்டு மட்டும் அம்மா கையால் என் தட்டுக்கு மாறி வந்தது. யார் அனுப்பியது என்று அம்மா சொல்லவில்லை.

மே 22, திங்கள்.

பு.விடமிருந்து பதில். நான் நினைத்ததற்கு முந்தியே.

கூடத்தில் நின்றபடியே பிரித்தேன். அம்மா அடுப்பை விட்டு வந்தாள். அத்தா நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேப்பரை மடிக்கவில்லை, ஆனால் படிக்கவும் இல்லை.

கட்டுரை இந்த இரண்டு சுருள் இல்லாமலே போய்விட்டது. என் பெயர் இல்லை. அதை ஒரே வரியில் எழுதியிருக்கிறார், வருத்தம் என்றெல்லாம் இல்லை.

அடுத்த பாரா. அவரே உட்கார்ந்து படங்களை ஒத்துப்பார்த்திருக்கிறார். சந்தேகமே இல்லையாம். 'வா'தான் எட்டு. 'சு' ஏழு.

திரும்பத் திரும்பப் படித்தேன். ஏராளமாகப் பையான் இருப்பது எட்டில். கோணம் கூடினால் குறையவில்லை, கூடுகிறது. என் அழகான கோடு தலைகீழ். நான் அன்றைக்குப் பழம் தின்று கொண்டாடிய வரைபடத்தை அனுப்பியிருந்தால், பொய் அச்சில் ஏறியிருக்கும், என் பெயரோடு.

பு. தன் கணிப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சீக்கிரம் வா, இரண்டையும் அசலில் முதலிலிருந்து நீயே அளக்க வேண்டும் என்று மட்டும். அவர் பாஷையில் அது பெரிய வார்த்தை.

கீழே இன்னும் ஒரு வரி. என்ன எண்ணெய் என்று பெயர் எழுதவில்லையே, ஒரு சிறு புட்டியில் கொண்டு வா. ஃபிலிமிலிருந்து அதை முழுதாக எடுக்க என்ன கரைப்பான் சரிப்படும் என்று இங்கே பரிசோதித்துப் பார்க்க வேண்டும்.

என்ன எழுதியிருக்கு என்றாள் அம்மா. சிரிச்சு எழுதியிருக்காரா என்று அவள் கேட்கவில்லை, அதைத்தான் கேட்டாள். இல்லை என்றேன். பெயர் போனதைச் சொன்னேன். நான் சுருள்களுக்கு நம்பரை மாற்றி வைத்திருந்ததையும், தப்பித்ததையும் சொன்னேன். அப்புறம், என்ன எண்ணெய் என்று கேட்டிருக்கிறார், கொஞ்சம் கொண்டுவரச் சொல்கிறார் என்றேன்.

பேப்பர் கீழே இறங்கியது.

"நம்ம எண்ணெய்யவா?"

மே இரண்டாம் தேதிக்குப் பிறகு அத்தா நேராக என்னிடம் பேசிய முதல் பேச்சு. ஆமாம் என்றேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வெயிலில் இறங்கி ஷாப்புக்குப் போனார். மணி பன்னிரண்டு. இந்த வெயிலில் யாரும் போக மாட்டார்கள்.

திரும்பி வந்தபோது கையில் மூடி போட்டு இறுக்கின பெரிய டின். சட்டை முழுக்க வியர்வை. டின்னைத் துணியால் சுற்றும் துடைத்து, மூடியில் கசிகிறதா என்று விரல் வைத்துப் பார்த்து, என் முன்னால் வைத்தார்.

"புதுசா ஆட்டுனது. பழசு குடுத்தா கசடு இருக்கும், நம்ம பேரு கெட்டுரும். ஒரு டின்னு போதுமா தம்பி அவுகளுக்கு?"

புட்டி என்று சொல்ல வாயெடுத்தேன்.

போதும்த்தா என்றேன்.